புதுப் பெயின்ட் அடித்த பழைய வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வீடு வாங்குவது, பராமரிப்பது பற்றி வந்த கடிதங்களில் கட்டடத்தின் நிலையைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பட்டா, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

நங்கநல்லூரில் 28 வருடப் பழைய தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. கீழும் மேலுமாக இரண்டு தளம். முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருக்கிறது. இன்ஜினீயரை அழைத்துப்போகும் முன் நாங்களே ஒரு தடவை என்னென்ன பார்க்கலாம்?
– ஒரு வாசகி, ஆதம்பாக்கம்

அந்தப் பெயின்டிலிருந்தே ஆரம்பியுங்கள். வீடு மொத்தத்துக்கும் ஒரே சமயத்தில் அடித்திருந்தால், விற்பதற்காகச் செய்த ஒப்பனை என்று விட்டுவிடலாம். ஓர் அறையில் ஒரு சுவர் மட்டும், அல்லது ஒரு சீலிங் மட்டும் மற்றதைவிடப் புதிதாகத் தெரிந்தால் அந்த இடத்தில் நின்று பாருங்கள். வேறெங்கும் இல்லாத ஃபால்ஸ் சீலிங் ஒரே ஓர் அறையில் இருக்கிறதா? அதுவும் மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள அறையிலா? ஒரு விளக்கைக் கழற்றச் சொல்லி, அந்த ஓட்டை வழியாகப் போனை நீட்டி வீடியோ எடுங்கள். துருப்பிடித்த கம்பி தொங்குகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: நல்ல டார்ச், சின்ன சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், சாக்பீஸ், அளவு டேப், காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று, பத்து மீட்டர் டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் குழாய்). மொத்தமும் ஒரு மஞ்சள் பையில் அடங்கும். மொட்டை மாடியில் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள். தண்ணீரும் அப்படித்தான் இறங்குகிறது. பழைய வீட்டின் கோளாறுகளில் பெரும்பாலானவை எங்கிருந்தோ உள்ளே வந்த தண்ணீரின் வேலைதான்.

மொட்டை மாடியில் தட்டோடுகளைச் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே நடங்கள். சில இடங்களில் 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்கும். அங்கே ஓடு அடிக்கலவையை விட்டுக் கழன்றிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பத்து, பதினைந்து ஓடுகள் என்றால் மாற்றிக்கொள்ளலாம். தளத்தில் பாதி வட்டமாகிவிட்டால் செங்கல் ஜல்லிக் கலவையோடு எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் நீளவாக்கில் பிளவு ஓடுகிறதா என்று பாருங்கள். சீலிங்கின் ஓரத்தில் மட்டும் கறை படிந்த வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர் இந்த வழியாகத்தான் வந்திருக்கும். நான்கைந்து வாளித் தண்ணீரை மழைநீர்க் குழாய்க்கு எதிர்மூலையில் ஊற்றுங்கள். குழாயை நோக்கி ஓடாமல் நடுவில் தேங்கினால் வாட்டம் சரியில்லை. சுவர் இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் அதன் உயரத்தை வைத்து ஏமாறாதீர்கள். ஒரு சாண் கன்றுக்கும் செங்கல் வரிசைக்குள் முழ நீளத்துக்கு வேர் இருக்கலாம்.

இறங்கும்போது வெளிப்பக்கம் சன்ஷேடுகளைக் கவனியுங்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எந்தத் தளத்துக்கும் இழுவிசை மேல்பக்கத்தில்தான் இருக்கும். அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் அன்று ஆட்கள் மிதித்துக் கம்பி கீழே இறங்கிப்போவது நம் ஊரில் சர்வசாதாரணம். அப்படி ஆன சன்ஷேடு நுனி தொய்ந்து, சுவரை ஒட்டிய மேல்பக்கத்தில் நீளமாக விரிசல் விட்டிருக்கும். பால்கனியில் அதே விரிசலைக் கண்டால் அதன்மேல் ஏறி நிற்காதீர்கள்.

உள்ளே வந்ததும் டார்ச்சைச் சுவருக்கு நேராக அடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். புதுப் பெயின்டுக்கு அடியில் இருக்கும் உப்பல், மேடு, ஒட்டுப்போட்ட பூச்சு எல்லாம் நிழலாகத் தெரியும். பரணையும் சுவர் அலமாரியையும் திறந்து மோந்து பாருங்கள். பெயின்ட் வாடை ஒரு மாதத்தில் போய்விடும், பூஞ்சை வாடை போகாது.

கடைசியாக டியூப் லெவலை வைத்து, வீட்டுத் தரைமட்டம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப்போன வீடுகள் இன்று தெருவுக்குச் சமமாகவோ பள்ளத்திலோ இருக்கின்றன. தெருவைவிட இரண்டடியாவது உயரம் இருந்தால் நிம்மதி. பள்ளத்தில் இருந்தால் மழைநீரோடு தெருச் சாக்கடையும் உள்ளே எதிர்த்து வரும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில், ஒரு நல்ல மழைக்கு மறுநாள் இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

எங்கள் வீட்டு சீலிங்கில் சிமென்ட் பெயர்ந்து விழுகிறது, கம்பி தெரிகிறது. "தளர்ந்ததைத் தட்டிவிட்டு, சிமென்ட் பூசி, பட்டி பார்த்துவிடலாம்" என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

அப்படி மட்டும் செய்தால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் மறுபடி விழும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊடுருவ ஊடுருவ அந்தக் காரம் குறைகிறது. உங்கள் ஊர் போலக் கடலோரம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. கட்டும்போதே உப்புத்தண்ணீரில் கலவை போட்ட வீடுகளும் உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு உதவும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. துருவாக மாறும் இரும்பு தன் கன அளவைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். அந்த நெருக்கத்தில்தான் கீழே உள்ள கான்கிரீட் பிளந்து விழுகிறது. தளத்துக்கு அடியில் கம்பியை மூடி 20 மில்லிமீட்டர் கான்கிரீட்டாவது வேண்டும். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் துண்டுகளை அடியில் வைக்காமல் சென்ட்ரிங் பலகையிலேயே கம்பியைக் கிடத்தி வார்த்த தளங்களில் அது 5 மில்லிகூட இருக்காது. அவைதான் முதலில் விழுகின்றன.

சரியான முறையில் முதல் வேலை மேலே இருக்கிறது. மொட்டை மாடியிலோ மாடி பாத்ரூமிலோ வரும் கசிவை அடைக்காமல் கீழே தொடாதீர்கள். பிறகு முட்டுக் கொடுத்துவிட்டு, சீலிங் முழுக்கத் தட்டி வெற்றொலி வரும் இடங்களைக் குறியுங்கள். பெயர்ந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்கு, சுமார் 20 மில்லி, உடைத்தெடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கத் துருவை அப்படியே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வயர் பிரஷ்ஷால் கம்பி பளபளக்கும்வரை தேய்த்து, வெர்னியரால் அளந்து பாருங்கள். 8 மில்லி கம்பி 7 மில்லியாகத் தேய்ந்திருந்தால் "ஒரு மில்லிதானே" என்று தோன்றும். ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் பக்கத்திலேயே புதுக் கம்பி சேர்க்க வேண்டும். நல்ல கம்பிமேல் இருபக்கமும் விட்டத்தைப்போல் 50 மடங்கு, 8 மில்லிக்கு 40 சென்டிமீட்டர், மேவி நிற்க வேண்டும்.

அடுத்து, கம்பிக்குத் துத்தநாகம் கலந்த துருத்தடுப்புப் பூச்சு. பழைய கான்கிரீட்டுக்கு ஒட்டுப்பசை. அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பாலிமர் கலந்த கலவையை ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லி என்று ஏற்ற வேண்டும். ஒரேயடியாக இரண்டங்குலம் அப்பினால் தன் கனத்தாலேயே தொய்ந்துவிடும். பள்ளம் 50 மில்லிக்கு மேல் என்றால் பலகை அடித்து மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவது நல்லது. ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஆழம் கெட்டிருக்கிறது என்று தெரிய ஒரு மலிவான சோதனை உண்டு. புதிதாக உடைத்த கான்கிரீட்மேல் ஃபினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பகுதி கம்பியைத் தாண்டிப் போயிருந்தால், இன்று பெயராத இடமும் நாளை பெயரும். மேஸ்திரியோடு நிறுத்தாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழையுங்கள்.

சுவரில் விரிசல் இருந்தால் வீட்டை வாங்கக்கூடாது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், மதுரை

விரிசலே இல்லாத வீடு வேண்டுமென்றால் கட்டாத வீட்டைத்தான் வாங்க வேண்டும்! விரிசல் எங்கே ஆரம்பித்து எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மேல்தளத்தில், சீலிங்குக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடையாக ஓடுவது வெயிலின் வேலை. மேல்தளம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும், சுவர் அதற்கு ஈடுகொடுக்காது. மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு பதித்தாலோ வெயிலைத் திருப்பும் பூச்சு அடித்தாலோ குறையும். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஓடுவதும் ஆபத்தில்லை. அங்கே பூச்சை வெட்டி, இருபுறமும் அரையடி படியும்படி கோழிவலை அடித்து மறுபடி பூசினால் போதும். சிலந்திவலை போலப் பூச்சில் மட்டும் பரவியிருந்தால், அன்றைக்குத் தண்ணீர் சரியாக ஊற்றவில்லை என்று பொருள்.

ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பைப் பின்பற்றிச் சாய்வாக ஏறும் விரிசல் வேறு சாதி. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதன் அடையாளம் அது. உங்கள் பக்கம் கரிசல் மண் உள்ள இடங்களில் இதை அதிகம் பார்க்கலாம். கோடையில் மண் சுருங்கி விரிசல் திறக்கும், மழையில் மண் உப்பி மூடிக்கொள்ளும். கார்த்திகையில் வீடு பார்க்கப் போனவர் "ஒன்றுமில்லை" என்று திரும்புவார். சித்திரையில் போனவருக்கு விரல் நுழையும். அதனால் விற்பவரிடம் மட்டும் கேட்காமல் பக்கத்து வீட்டுச் சுவர்களையும் ஒரு நோட்டம் விடுங்கள். மண் ஒன்றுதானே!

அகலத்துக்கு ஒரு கைக்கணக்கு: ஏடிஎம் கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். கார்டு நுழையாத சுவர் விரிசலைப் பெயின்டர் பார்த்துக்கொள்வார். நுழைந்தால் குறித்துவைத்துக் கண்காணியுங்கள். பென்சிலே நுழைந்தால் இன்ஜினீயர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விரிசல் இன்னும் வளர்கிறதா என்று அறிய, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் எபாக்ஸி பசையால் ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் வளர்கிறது.

பீமிலும் பில்லரிலும் இந்தக் கார்டு கணக்கு செல்லாது. பில்லரில் கம்பியின் போக்கிலேயே நெட்டாக ஓடினால் உள்ளே துரு. பீம் பில்லரோடு சேரும் முனையில் சாய்வாக விரிந்திருந்தால், எவ்வளவு மெல்லியதானாலும் அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும்.

தரையில் கோலிக்குண்டு வைத்தால் ஒரு பக்கமாக உருள்கிறது. அஸ்திவாரம் இறங்கிவிட்டதா?
– ஒரு வாசகி, ஈரோடு

கழுவிவிட்ட தண்ணீர் வாசல் பக்கம் போகட்டும் என்று வாட்டம் கொடுத்துத்தான் தரை போடுவார்கள். கோலி உருளத்தான் செய்யும். சந்தேகம் என்றால் தூக்குக்குண்டைச் சுவரோரம் தொங்கவிட்டுப் பாருங்கள். சுவர் அந்த நூலுக்கு நேராக நின்று, கதவு, ஜன்னல்கள் சட்டத்தில் நேராகப் பொருந்தி மூடினால் கவலை வேண்டாம்.

சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்து உதிர்கிறது. மூன்று முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாயிற்று. இப்போது டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்று யோசனை.
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

டைல்ஸ் ஒட்டினால் ஓதம் மறையாது, டைல்ஸுக்கு மேலே ஏறி வரும். இப்போது முழங்கால் உயரத்தில் இருப்பது இடுப்பு உயரத்துக்குப் போகும். வெளியே ஆவியாகப் போக வழியில்லாத தண்ணீர் வேறு என்ன செய்யும்?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்தறியுங்கள். தரையிலிருந்து கிளம்பி மூன்றடிக்குள், மேல்விளிம்பில் அலைபோன்ற கோடோடு நின்றால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். ஒரே இடத்தில் திட்டாக இருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்தால் குழாயோ டைல்ஸ் இணைப்போ கசிகிறது. மண்ணிலிருந்துதான் என்றால் அடுத்த வேலை வெளியே. மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்க அஸ்திவாரத்துக்கு மேல் போட்ட டிபிசி பட்டைக்கும் மேலே மண்ணோ சிமென்ட் தளமோ ஏறியிருக்கிறதா? முற்றத்தை உயர்த்தித் தளம் போட்ட வீடுகளில் இதுதான் காரணமாக இருக்கும். வெளித்தளத்தை டிபிசிக்கு அரையடி கீழே இறக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

டிபிசியே இல்லாத வீடு என்றால், தரைக்குச் சற்று மேலே கலவை இணைப்பில் 12 மில்லி துளைகளை 10 முதல் 12 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டு, தண்ணீரை ஒட்டவிடாத சிலேன் வகை கிரீமைச் செலுத்துகிறார்கள். உப்பு படிந்த பூச்சை, கறைக்கு மேல் ஓரடிவரை சேர்த்துக் கொத்தியெடுங்கள். உப்பு பூச்சிலேயே தங்கிக்கொண்டு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். பிறகு காயவிடுங்கள். ஓரங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. அவசரப்பட்டு அடுத்த வாரமே பட்டி பார்த்ததால்தான் மூன்று முறை செலவழித்திருக்கிறீர்கள்.

"பில்லர் எல்லாம் ஸ்ட்ராங்கா போட்டிருக்கு, மேல இன்னும் ரெண்டு மாடி எழுப்பலாம்" என்று சொல்லி விலையை ஏற்றுகிறார் வீட்டுக்காரர். எப்படி நம்புவது?
– ஒரு வாசகர், கோவை

வாயால் சொன்னதற்கு விலை கொடுக்காதீர்கள். ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் உள்ள அஸ்திவாரப் பாதம்) அளவும் கம்பி விவரமும் போட்ட ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைக் கேளுங்கள். இல்லையென்றால் ஏதேனும் ஒரு பில்லரை ஒட்டி மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, ஃபுட்டிங்கின் அகலத்தையும் ஆழத்தையும் இன்ஜினீயர் அளந்து பார்க்க வேண்டும். மண் பரிசோதனையும் வேண்டும். கான்கிரீட்டின் பலத்தைச் சுத்தியல்போல அழுத்தி அளக்கும் ரீபவுண்டு ஹேமர் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்கக்கூடாது. அதன் மதிப்பில் 25 சதவீதம் கூடக்குறைய வரும். பழைய வீட்டில் பில்லரே இல்லாமல் ஒன்பதங்குலச் சுவர்தான் சுமக்கிறது என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

மொட்டை மாடியில் பிற்காலத்துக்கென்று நீட்டிவிட்ட கம்பிகளையும் பாருங்கள். இருபது வருட மழையில் நின்றவை, கான்கிரீட்டிலிருந்து வெளிவரும் கழுத்துப் பகுதியில்தான் மிக மோசமாகத் தேய்ந்திருக்கும். அதன்மேல் அப்படியே பில்லரைத் தொடர முடியாது.

கும்பகோணத்தில் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. ஒழுகுகிறது. மேலே இரண்டங்குலம் கான்கிரீட் போட்டால் நிற்குமா?
– ஒரு வாசகி, பெங்களூரு

வேண்டாம். மெட்ராஸ் டெரஸ் என்பது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் போட்ட கூரை. இரண்டங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ. பத்துக்குப் பதினைந்தடி அறைக்கு 1,600 கிலோவுக்கு மேல் வரும். அதை அந்தத் தேக்கு உத்தரக்கட்டைகள்தான் தாங்க வேண்டும். போதாததற்கு, உள்ளே இருக்கும் ஈரம் மேலே போகும் வழியும் அடைபடும்.

கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனையைப் பாருங்கள். நடுவில் இரும்புபோல் இருக்கும் கட்டை, முனையில் ஈரம் குடித்து உளுத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சுவரோரம் இரும்புத் தாங்கி கொடுக்க வேண்டும். மேலே தட்டோட்டையும் கெட்டுப்போன செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையையும் எடுத்துவிட்டு, அதே சுண்ணாம்புக் கலவையையே போட்டு, கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கச் சொல்லுங்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் தஞ்சை, காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சுவருக்கும் சிமென்ட் பூச்சு வேண்டாம், சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும்.

கரண்ட், தண்ணீர் விஷயத்தில் எதைச் சோதிப்பது?
– ஒரு வாசகர், திருச்சி

முதலில் கரண்ட். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழுகிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியனை விட்டு மூன்று முனை சாக்கெட் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் முனைக்கு வயரே வராத வீடுகள் எத்தனையோ! விளக்குக்கு 1.5, பவர் சாக்கெட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும். அலுமினிய வயர் கண்ணில் பட்டால் மொத்தமும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாதனங்களையும் அணைத்த பிறகும் மீட்டர் விளக்கு சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது இன்னொருவர் வீட்டுக்கும் லைன் போகிறது.

தண்ணீருக்கு: சம்பை நிரப்பி, வரும் வழியையும் போகும் வழியையும் மூடி, நீர்மட்டத்தில் கோடு போட்டு மறுநாள் காலை பாருங்கள். ஆறுக்கு ஐந்தடி சம்பில் ஓரங்குலம் இறங்கினால் 70 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது. கசியும் சம்பு வெளித்தண்ணீரையும் உள்ளே விடும். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் விளைவை நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது. கோலிஃபார்ம் சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள்.

வேளச்சேரியில் முதல் மாடி ஃபிளாட். வெள்ளம் எங்கள் தளத்துக்கு வராது, அப்புறம் என்ன?
– ஒரு வாசகி, சென்னை

லிஃப்ட் குழியும், மீட்டர் போர்டும், சம்பும், ஜெனரேட்டரும் எந்தத் தளத்தில் இருக்கின்றன? 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வாட்ச்மேனிடமும் எதிர்க்கடைக்காரரிடமும் கேட்டு, மீட்டர் போர்டு அதற்கு மேலே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டை வாங்கிப் படியுங்கள். மொட்டை மாடி ஒழுகல், கழிவுநீர்க் குழாய் அடைப்பு, பராமரிப்புப் பணம் தராதவர் யார் என்று விற்பவர் சொல்லாததெல்லாம் அதில் இருக்கும். கட்டி முடித்து ஒப்படைத்து ஐந்து ஆண்டுகள் ஆகாத கட்டடம் என்றால், ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி கட்டமைப்புக் குறையை பில்டர் தன் செலவில் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். ஒப்படைத்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டோம். இப்போதுதான் பீரோவுக்குப் பின்னால் பெரிய கசிவு தெரிகிறது.
– ஒரு வாசகர், சேலம்

தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. பீரோவை நகர்த்திப் பார்ப்பது சாதாரணக் கவனத்தில் சேருமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டே இருப்பார்கள், அதற்குள் நீங்கள் காரியத்தைப் பாருங்கள். தேதியோடு படம் எடுங்கள். சரிசெய்ய ஆகும் செலவுக்கு இன்ஜினீயரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, விற்பவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விலையில் கழிப்பதா, அவரே சரிசெய்து தருவதா என்பதைக் கிரயத்துக்கு முன் ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவரே சரிசெய்கிறார் என்றால் பூச்சு வேலைக்கு முன், கசியும் குழாய் திறந்து கிடக்கும்போதே நேரில் போய்ப் பாருங்கள்.